மாறத்தான் ஓட்டம்

எங்கள் பஜாரில் ராவுத்தரிடம் மட்டும் யாரும் ‘சௌக்கியமா’ என்று கேட்பதில்லை. கேட்டுப் பயனில்லை. எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்லீங்க’ என்பார். ஓர் ஆடிக் காற்றில் அவருடைய பழக்கடையின் தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போய் எதிர்ச் சரிவில் விழுந்தது. மறுநாள் காலை நான் டிஸ்பென்சரியைத் திறக்கப் போகிறபோது மனிதர் கடைக்குள் ஒரு கையில் குடையும் மறு கையில் தராசுமாக நின்று பேரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன ராவுத்தரே, கூரையைக் காணோம்?"

"ஒண்ணுமில்லீங்க. காத்து."

மத்தியானம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அந்தத் தகரத்தைத் தூக்கி வரப் போனோம். அங்கே தகரம் இல்லை. எங்களுக்கு முன்பே ராவுத்தர் தனியாளாகப் போய், தலையில் சுமந்து வந்து, கடைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். எனக்குக் கோபமாகத்தான் வந்தது. உதவி செய்ய வந்தவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதும் ஒருவகை அவமரியாதை இல்லையா? அதைச் சொன்னேன். அதற்கும் ‘ஒண்ணுமில்லீங்க’தான்.

அப்போது நான் கொடைக்கானல் பஜாரில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். சிவப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் கலக்கிப் புட்டியில் ஊற்றி, அளவுக்குக் காகிதம் ஒட்டிக் கொடுப்பது என் சோலி. ‘அங்கே வலிக்குது, இங்கே குத்துது’ என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்த எனக்கு, எதிர்க் கடையில் வலி என்ற சொல்லையே அறியாத ஒருவர் உட்கார்ந்திருந்தது வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எல்லாரும் அவரைப் போல இருந்தால் நான் எப்படிப் பிழைப்பது?

ராவுத்தரின் இன்னொரு பெருமை அவருடைய கால்கள். வத்தலக்குண்டு பஸ் புறப்பட்டுப் போன பிறகு யாராவது சீசன்காரர் மூக்குக் கண்ணாடியையோ பிள்ளையின் பால் புட்டியையோ கடையில் மறந்து விட்டுப் போனது தெரியவரும். ராவுத்தர் சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டுவார். செருப்பு போடும் வழக்கமே கிடையாது. பஸ் வளைந்து வளைந்து இறங்குவதற்குள் இவர் குறுக்குப் பாதையில் நேராக இறங்கிக் கீழ் வளைவில் போய்க் கை காட்டுவார். திரும்பி வரும்போது சட்டை முள்ளில் கிழிந்திருக்கும், முழங்கை சிராய்த்திருக்கும். ‘என்ன ஆச்சு?’ என்றால் என்ன சொல்வார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்தக் கால்களை நம்பித்தான் அவர் அந்த வம்பில் மாட்டிக்கொண்டார்.

ஐம்பதுகளின் கடைசியில், மே மாதச் சீசன் முடிகிற சமயத்தில், சீசன் கமிட்டி ஓர் ஓட்டப்பந்தயம் நடத்தி வந்தது. ஏரிக்கரையிலிருந்து செண்பகனூர் வழியாகப் பெருமாள்மலை வரை இறங்கி, திரும்ப ஏரிக்கரைக்கு ஏறி வர வேண்டும். மாரத்தான் என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர, உண்மையான மாரத்தானில் பாதி தூரம்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள், கீழே இருந்து வந்த கல்லூரிக்காரர்கள், சீசனுக்கு வந்த துரைமார் வீட்டு வாலிபர்கள் ஓடுவார்கள். பஜார்க்காரர்களுக்கு வழியில் நின்று தண்ணீர் கொடுக்கிற வேலை. இரண்டு மூன்று வருஷம் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்ற ராவுத்தருக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"கம்பவுண்டரே, இவுக ஓடுறாகளா, காத்து வாங்குறாகளா?" என்று என்னிடம் கேட்டார். அவர் வாயிலிருந்து குறை என்று ஒன்று வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முதலுதவிப் பெட்டியோடு கமிட்டிக்குப் போய் வருகிறவன் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு கமிட்டிச் செயலாளரைப் பார்க்கப் போனார். செயலாளர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வீட்டுக்குள்ளேயும் தொப்பியைக் கழற்ற மாட்டார்.

"பஜார் ஆளுங்க எதுக்குய்யா? பாதி வழியில டீக்கடையைப் பாத்தா உக்காந்துடுவீங்க. அப்புறம் நான் ஜீப்பு வெச்சுத் தேடணும்" என்றார்.

"ஒக்கார மாட்டோங்க."

"யாரு சொன்னது?"

"நாந்தாங்க சொல்றேன்."

செயலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பார்வை வெறுங்காலில் வந்து நின்றது. "சரி. இந்த வருஷம் நீ ஒருத்தன் மட்டும் ஓடு. முழுசா ஓடி முடிச்சா, அடுத்த வருஷத்துல இருந்து பஜார்ல யார் வேணும்னாலும் ஓடட்டும். நடுவுல உக்காந்துட்டியோ, அப்புறம் இதைக் கேட்டுக்கிட்டு யாரும் இங்க வரக் கூடாது."

வெளியே வந்ததும், "பஜார் மானத்தையே உங்க காலில் கட்டி விட்டுட்டாரே!" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. ஓடத்தான சொல்லிருக்காக" என்றார். ஆனால் அவருடைய காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. மறுநாளிலிருந்து வெள்ளனே எழுந்து ஏரியைச் சுற்றி ஓடினார்.

பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, பிளம்ஸ் பெட்டி உடைத்த பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணியை மிதித்துவிட்டார். வலது காலில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் ஆணி ஏறியிருந்தது. எங்கள் டாக்டர் புண்ணைக் கழுவி, ஜன்னி வராமல் இருக்க ஊசி போட்டு, "சின்னக் காயம்தான். பத்து நாளைக்குக் காலை ஊன்றாதே, சரியாப் போயிடும்" என்றார். ராவுத்தர் மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டிவிட்டு, அதே காலை ஊன்றிப் படியிறங்கிப் போனார்.

விஷயம் கமிட்டி காதுக்குப் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். பஜாருக்குத் தெரிந்தால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லத் தொடங்குவார்கள். ஆகவே நொண்டுவது யாருக்கும் தெரியக் கூடாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, இத்தனை வருஷக் கம்பவுண்டர் உத்தியோகத்தில் நான் வேறெங்கும் காணாதது. எங்கே போனாலும் தோளில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டார். பாரம் சுமக்கிறவன் சாய்ந்து சாய்ந்து நடந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால், தோளில் பெட்டியோடு ஒருவர் எந்நேரமும் போய்க்கொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? "ராவுத்தரே, அந்தப் பக்கந்தான போறீங்க? இந்தப் பால் கேனையும் அப்படியே கொண்டு போய்க் குடுத்துருங்க" என்றார் டீக்கடைக்காரர். தையல்காரர் பழுதுபார்க்கத் தையல் மிஷினின் தலையைக் கழற்றிக் கொடுத்தனுப்பினார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே! காயம்பட்ட காலோடு அந்த மனிதர் பாதி பஜாரைத் தோளில் சுமந்தார். நான் டிஸ்பென்சரி ஜன்னல் வழியாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

கடைசியில் அவர் மனைவிதான் கண்டுபிடித்தார். டிஸ்பென்சரிக்கே நேரில் வந்துவிட்டார்.

"கம்பவுண்டரண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இவுக காலுக்கு என்ன?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"பள்ளிவாசலுக்குத் தொழுகப் போனவுக பெட்டியத் தூக்கிட்டுப் போயிருக்காக. திரும்பியும் தூக்கிட்டு வாராக. வாங்கிப் பாத்தா வெறும் பெட்டி! தொழுகைக்கு எந்த மனுசனாச்சும் பெட்டி கொண்டு போவானா? கேட்டா ஒண்ணுமில்லங்கிறாக. இவுக ஒண்ணுமில்லன்னா என்னமோ இருக்குன்னு அர்த்தம். கல்யாணமான நாள்ல இருந்து இந்த ஒண்ணுமில்லைக்கு அர்த்தம் பாத்தே என் ஆயுசு போச்சு."

அதற்கு மேல் சத்தியத்தைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் பஜாருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ராவுத்தரிடம் அது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். பால் கேன் நின்றது. மிஷினின் தலை நின்றது. தையல்காரர் கம்பளிக் கோட்டுத் துண்டுகளை அடுக்கி, காயம் படுகிற இடத்தில் ஓட்டை விட்டு, பாதத்துக்கு ஒரு மெத்தை தைத்து என்னிடம் ரகசியமாகக் கொடுத்தார். நான் கண்டுபிடித்ததாகச் சொல்லி அதை ராவுத்தரிடம் கொடுத்தேன். யாரோ விட்டுப்போன பெரிய கேன்வாஸ் ஷூ ஜோடி ஒன்றும் கிடைத்தது. உப்பு வெந்நீரில் கால், பிறகு டிங்க்சர், பிறகு வீட்டில் மஞ்சள் பற்று. இப்படியாகக் காயத்துக்கு ராஜ உபசாரம் நடந்தது.

ஓட்டத்தை என்ன செய்வது என்று டீக்கடையில் பேச்சு வந்தது. அப்போதுதான் தையல்காரர், கடைக்கு எதிரே கமிட்டி மாட்டியிருந்த போர்டைச் சுட்டிக் காட்டினார். போர்டு எழுதிய பெயிண்டர் ‘மாறத்தான் ஓட்டம்’ என்று வல்லின ‘ற’ போட்டு எழுதியிருந்தார்.

"நீங்கள்லாம் ஏன் இப்படிக் கெடந்து கவலப்படுறீங்க? நல்லாப் படிச்சுப் பாருங்க. மாறத்தான் ஓட்டம். மாறத்தான்! ஒராள் மாத்தி ஒராள் ஓடத்தான் இதையே வெச்சிருக்காங்க. இவ்வளவு தூரத்தை ஒத்தை ஆளு ஓட முடியுமா? அவருக்கு எங்க முடியலையோ அங்க நாம மாறிக்கிட வேண்டியதுதான்."

"அது இங்கிலீஷ் வார்த்தை அய்யா" என்றேன் நான்.

"இங்கிலீஷ்ல ஏது வல்லின ற?" என்றார் தையல்காரர். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வாயுவுக்குக் கொடுக்கிற கார்மினேட்டிவ் மிக்ஸ்சர் பற்றி என்றால் நான் நிச்சயமாகப் பேசுவேன். மாரத்தான் பற்றி எனக்கு அவ்வளவு நிச்சயம் கிடையாது.

பந்தயத்தன்று காலை ஏரி மேல் பஞ்சு மாதிரி மூடுபனி. ஓடுகிறவர்களைப் பரிசோதிக்க வந்திருந்த வெளியூர் டாக்டர் ஒவ்வொருவரின் நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஓடப்போவது காலல்லவா, அதை யாரும் பார்க்கவில்லை. ராவுத்தரின் நாக்கு முதல் தரம் என்று தேறியது. செயலாளர் ஜீப்பில் கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதாக ஏற்பாடு. முதலுதவிப் பெட்டியோடு நான் பின் சீட்டில் இருந்தேன்.

இறக்கத்தில் ராவுத்தர் நன்றாகவே ஓடினார். பெருமாள்மலையில் திரும்புகிற வரை அவர் எங்கள் கண்ணிலேயே படவில்லை. ஏற்றத்தில்தான் கதை மாறியது. ஏறும்போது முன்பாதத்தை அழுத்தி ஊன்ற வேண்டும், காயம் இருந்த இடமோ அதுதான். கம்பளி மெத்தையும் நழுவியிருக்க வேண்டும். ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஜீப்புக்கு முன்னால் அவர் ஒருவர்தான். குதிகாலை ஊன்றி, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து ஓடினார். தோளில் இல்லாத பெட்டியை நான் தேடினேன்.

"உன் ஆளு இப்ப உக்காருவான் பாரு" என்றார் செயலாளர்.

வெள்ளி அருவி வளைவில் ஒருவர் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, கையில் தூக்குப் போணியோடு நின்றிருந்தார். டீக்கடைக்காரர்!

"ராவுத்தரே, நீங்க நில்லுங்க. நான் மாறிக்கிடுறேன்."

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க" என்று ஓடிக்கொண்டே சொன்னார் ராவுத்தர்.

"எங்க போறது? வெள்ளனே புடிச்சுப் பனியில நிக்கிறேன். மாறாமப் போனா என்ன மரியாதை? இந்தாங்க, ஒரு வாய் டீயாச்சும் குடிங்க."

"வேணாங்க."

"கருப்பட்டி போட்டிருக்கு!"

"வேணாம்ங்கிறேன்ல!"

இவர் நிற்கவில்லை, அவர் விடவில்லை. இரண்டு பேரும் வாதாடிக்கொண்டே ஓடினார்கள். அடுத்த வளைவில் தையல்காரர், கழுத்தில் டேப்போடு. "என்னய்யா இது, இன்னும் மாறலையா? வெரசா மாறுங்க!" என்று சேர்ந்துகொண்டார். அதற்கடுத்த வளைவில் பழக்கடையில் பெட்டி கட்டுகிற இரண்டு பேர். செண்பகனூரில் இன்னும் மூன்று நாலு பேர். குறுக்குப் பாதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் மலை பூராவும் ஆள் போட்டிருந்தார்கள். மாறத்தான் வந்தார்கள். மாற முடியாததால் கூடவே ஓடினார்கள். தையல்காரர் மட்டும் ஒரு தடவை பின்னால் திரும்பி ஜீப்பைப் பார்த்து, "சார், போர்டுல போட்டபடி நாங்க மாறிக்கிடலாம்ல?" என்று கத்தினார்.

"என்ன மாறணுமாம்?" என்று செயலாளர் என்னைக் கேட்டார். நான் வெளியே திரும்பி மலையின் அழகைப் பார்த்தேன்.

பஜாருக்குக் கீழே, கடைசி வளைவில், ஒரு குறுக்குப் பாதை பிரியும். அதில் ஏறினால் நாலு எட்டில் பஜார். வாழ்நாள் முழுக்க அந்த வழியாகவே ஓடிப் பழகிய கால்கள், பாதி உணர்வில் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. அந்தப் பாதையில் கால் வைத்தால் ஓடியது எல்லாம் வீண். டீக்கடைக்காரர் ஓடிப் போய்ப் பாதையை மறித்துக் கையை விரித்து நின்றார்.

"இங்கிட்டு இன்னைக்கு வழி இல்ல ராவுத்தரே. ரோட்டப் பாத்து ஓடுங்க!"

ராவுத்தர் அவரைப் பார்த்தார். சிரித்தாரா, அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. தார் ரோட்டுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை மறக்க மாட்டேன். யாரும் அவரைத் தாண்டி ஓடவில்லை. அவர் பக்கத்திலேயே அவர் வேகத்துக்கு ஓடி ஓடி, எல்லாருக்கும் அதே நடை வந்துவிட்டது. அத்தனை பேரும் வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து நொண்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். யாருக்குக் காலில் காயம் என்று அந்தக் கூட்டத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. நான் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை எண்ணுவது போலப் பாவனை செய்தேன்.

பரிசு கொடுத்து முடித்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஜீப்பிலிருந்து இறங்கி, தொப்பியைச் சரி செய்துகொண்டு வந்தார்.

"பேர் குடுத்தது ஒருத்தன். வந்திருக்கிறது ஒரு கும்பல். ஓடினது யாரு?"

"நாந்தாங்க" என்றார் ராவுத்தர், இளைத்துக்கொண்டே.

"அப்ப இவங்கள்லாம் யாரு?"

ராவுத்தர் திரும்பிப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்துப் போய், சேறு தெறித்த வேட்டிகளோடு பஜார் நின்றுகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லீங்க. நம்மாளுக."

செயலாளர் அந்தச் சேற்று வேட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கமிட்டிக்காரர்களிடம், "நான் பின்னாலயேதான் வந்தேன். இந்த ஆளு ஒரு இடத்துலகூட உக்காரலை. டீக்கடையே கூட ஓடி வந்தும் டீ குடிக்கலை. எழுதிக்குங்க, ஓட்டத்தை முடிச்சார்னு" என்றார். அவன், இவன் என்று இருந்தது ‘முடிச்சார்’ ஆனதை நான் கவனித்தேன்.

ஏரிக் கட்டைச் சுவரில் ராவுத்தரை உட்கார வைத்து ஷூவைக் கழற்றினேன். கம்பளி மெத்தை சிவந்து நனைந்திருந்தது. அவர் மனைவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"வலிக்குதா ராவுத்தரே?" என்று கேட்டேன். வழக்கமான பதிலுக்காக அத்தனை பேரும் காத்திருந்தோம்.

அவர் தம் காலைப் பார்த்தார். டீக்கடைக்காரரை, தையல்காரரை, ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"வலிக்குதுப்பா" என்றார்.

அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். டீக்கடைக்காரர் தூக்குப் போணியைத் திறந்து, ஆறிப்போன டீயை ஊற்றிக் கொடுத்தார். ராவுத்தர் வாங்கிக் குடித்தார்.

அடுத்த வருஷம் கமிட்டி மாட்டிய போர்டில் எழுத்தைத் திருத்தியிருந்தார்கள். ‘மாரத்தான் ஓட்டம். பஜார்வாசிகள் உட்பட அனைவரும் கலந்துகொள்ளலாம்’ என்று இருந்தது. அடியில் புதிதாக ஒரு விதி. ‘ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் மாறி ஓடக் கூடாது.’ வேறு எந்த ஊர்ப் பந்தயத்திலும் இப்படியொரு விதி இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

"பாத்தீங்களா? மாறத்தான்னு இருந்ததை மாத்திப்புட்டாங்க" என்றார் தையல்காரர் மனத்தாங்கலோடு. ஆனாலும் பஜாரிலிருந்து முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான்.

நான் போர்டைப் படித்துக்கொண்டிருக்கும்போது ராவுத்தர் அந்த வழியாக வந்தார். தோளில் ஒரு பெட்டி. எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் போய்ப் பெட்டியை லேசாகத் தட்டினேன். வெறும் பெட்டியின் சத்தம்.

என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த அளவுக்காவது தேறியிருந்தேன்.

"எந்தக் கால்?" என்றேன்.

ராவுத்தர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, பெட்டியின் ஒரு முனையை என் பக்கம் சாய்த்துக் கொடுத்தார்.

"எடது" என்றார்.